வாத்தியார் ஓட்டாத கார்

பழைய கார் விளம்பரம் படித்திருப்பீர்கள். ‘சிங்கிள் ஓனர். டாக்டர் உபயோகித்தது. மிகக் குறைந்த கிலோமீட்டர்.’ இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். டாக்டர் எங்கே ஓட்டினார், டிரைவர்தானே ஓட்டினான் என்று யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. என் கேஸில் டாக்டருக்குப் பதில் ரிடையரான பள்ளிக்கூட வாத்தியார். ஊர், ஜெர்மனியில் மூன்ஸ்டர். கார், எலெக்ட்ரிக். வயது இரண்டு. ஓடியிருந்தது 5,720 கிலோமீட்டர். விலை 21,000 யூரோ. நான் குடியிருப்பது பக்கத்து நாடான ஹாலந்தில், யூட்ரெக்ட் என்ற ஊரில். இங்கே அதே கார், அதே வயதில், 24,000-க்குக் குறைந்து கிடைக்கவில்லை.

மூவாயிரம் யூரோ லாபம்! எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் ‘குறைந்த கிலோமீட்டர்’ என்னை 4,410 யூரோ பள்ளத்தில் தள்ளப் பார்த்த கதைதான் இந்த வாரம்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: “ஏங்க, வேற நாட்டுலேர்ந்து கார் கொண்டு வரணும்னா கஸ்டம்ஸ் உண்டா?”

“அதெல்லாம் அந்தக் காலம். 1993 ஜனவரி 1-லேர்ந்து ஐரோப்பா ஒரே சந்தை. ஜெர்மனியில வாங்கினதை இங்கே கொண்டு வர சுங்கமும் கிடையாது, சோதனையும் கிடையாது. பெங்களூர்ல வாங்கி மெட்ராஸுக்கு ஓட்டிட்டு வர்ற மாதிரி.”

“பெங்களூர் வண்டிக்கு என்.ஓ.ஸி. வாங்க எங்க மாமா எட்டு மாசம் அலைஞ்சாரே, அந்த மாதிரியா?”

நான் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஜெர்மனியில் ஏன் மலிவு என்று கேட்பீர்கள். அங்கே புது எலெக்ட்ரிக் கார் வாங்கினால் அரசாங்கம் மானியம் கொடுத்து வந்தது. 2023-ல் அரசின் பங்கு மட்டும் 4,500 யூரோ வரை. மானியம் வாங்கியவர் காரைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும். முன்பு ஆறு மாதமாக இருந்தது. கெட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மானியத்தில் வாங்கி, ஆறு மாதம் பொறுத்து, ஏழாவது மாதம் டென்மார்க்குக்கு விற்றார்கள். ஜெர்மன் வரிப்பணம் டேனிஷ் ரோட்டில் ஓடியது. அரசாங்கம் விழித்துக்கொண்டு 2023 முதல் அதை ஒரு வருஷமாக்கியது. அந்த வருஷம் நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் பட்ஜெட்டில் கை வைக்க, டிசம்பர் 17-ம் தேதியோடு மானியத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். அப்படி மானியத்தில் வாங்கிய கார்கள்தான் இப்போது செகண்ட் ஹாண்ட் சந்தைக்கு வருகின்றன. பெரிய நாடு, ஏகப்பட்ட கார். அதனால் விலை கொஞ்சம் இறக்கம்.

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ரயில் ஏறினேன். எல்லை ஊரான என்ஸ்கெடே வரை ஒரு வண்டி, அங்கிருந்து மூன்ஸ்டருக்கு இன்னொரு சின்ன வண்டி. மூன்ஸ்டர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எங்கே பார்த்தாலும் சைக்கிள். ஜெர்மனியின் சைக்கிள் தலைநகரம் என்று அந்த ஊருக்குப் பெயர். யூட்ரெக்ட்டும் லேசுப்பட்டதில்லை, ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியிலேயே 12,500 சைக்கிள் நிறுத்துகிறார்கள். சைக்கிள் ஊரிலிருந்து சைக்கிள் ஊருக்குக் கார் வாங்கப் போன ஒரே பிரகஸ்பதி நான்தான்.

வாத்தியாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பூகோளம் எடுத்தவராம். காப்பி கொடுத்து, ஷெட்டைத் திறந்து, பெருமையாகச் சாவியை அமுக்கினார். கார் கண் விழிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். ம்ஹூம்.

“நூறு சதம் சார்ஜ் ஏற்றித்தான் எப்போதும் வைப்பேன்” என்றார் பாவமாக.

சார்ஜெல்லாம் இருந்தது. பிரச்னை அதில் இல்லை. எலெக்ட்ரிக் காரில் இரண்டு பாட்டரி உண்டு ஸார். அடியில் படுத்திருக்கும் பெரிய பாட்டரி காரை ஓட்டும். ஆனால் கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர், பெரிய பாட்டரியை இணைத்துவிடும் ரிலே, இதற்கெல்லாம் கரண்ட் கொடுப்பது சாதாரண 12 வோல்ட் சின்ன பாட்டரி. கார் மாதக்கணக்கில் நின்றால் அது செத்துப்போகும். அது செத்தால் யானை பலம் இருந்தும் எழுந்திருக்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய டீசல் காரைக் கொண்டு வந்தார். ஒயர் மாட்டினார்கள். டீசல் உறும, நூற்றாண்டின் நவீன வாகனம் கண் திறந்தது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு வருஷத்துக்குப் போதுமான திருப்தி இருந்தது.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். வண்டி வெண்ணெய். பிறகு ஒரு ஒர்க்ஷாப்பில் காசு கட்டி பெரிய பாட்டரியின் ஆரோக்கியத்தைச் சோதித்தோம். செகண்ட் ஹாண்ட் எலெக்ட்ரிக் காரில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அதுதான். இன்ஜின் ஆயில் கறுப்பா சிவப்பா என்று பார்க்க இங்கே ஆயிலும் இல்லை, இன்ஜினும் இல்லை. 95 சதம் என்று ரிப்போர்ட் வந்தது. எப்போதும் நூறு சதம் ஏற்றி நிறுத்தியதில் கொஞ்சம் போயிருக்கலாம். பெரும்பாலான லித்தியம் பாட்டரிகளுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவது ஆகாது. 80 சதத்தில் நிறுத்துவது உத்தமம். பரவாயில்லை, 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி பாக்கி இருக்கிறது. 500 யூரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டுச் சீட்டி அடித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை ஆபீஸ் லஞ்சில் பெருமை அடித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் டச்சுக்காரர். ஏற்கெனவே இரண்டு கார் இப்படிக் கொண்டு வந்தவர்.

“எத்தனை கிலோமீட்டர்?”

“வெறும் 5,720!”

அவர் கையிலிருந்த சீஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். டச்சுக்காரன் சாப்பாட்டைப் பாதியில் கீழே வைத்தால் விஷயம் பணம் சம்பந்தப்பட்டது என்று அர்த்தம்.

“அப்படியானால் அது புதுக் கார்” என்றார்.

“இரண்டு வருஷம் ஆச்சே?”

“ஆனாலும் புதுக் கார்.”

விஷயம் இதுதான். ஐரோப்பிய யூனியனில் செகண்ட் ஹாண்ட் காரை வேறு நாட்டில் ஒரு தனி ஆளிடம் வாங்கினால் மறுபடி மதிப்புக் கூட்டு வரி கட்ட வேண்டாம். அது முதல் தடவை விற்றபோதே கட்டியாகிவிட்டது. ஆனால் புதுக் காருக்கு, வாங்குகிறவன் தன் சொந்த நாட்டில் வரி கட்ட வேண்டும். நியாயம்தான். லக்ஸம்பர்க்கில் இந்த வரி 17 சதம், ஹங்கேரியில் 27. இந்த விதி இல்லாவிட்டால் ஹங்கேரிக்காரர்கள் அத்தனை பேரும் லக்ஸம்பர்க்கில் க்யூவில் நிற்பார்கள்.

சரி, எது புதுசு? அங்கேதான் சட்டம் எழுதியவர் வேலையைக் காட்டிவிட்டார். முதன்முதலில் ரோட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகாவிட்டால் புதுசு. அல்லது 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாவிட்டால் புதுசு. ‘அல்லது’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கார் பழசு என்று பேர் வாங்க இரண்டு பரீட்சையிலும் பாஸ் பண்ண வேண்டும். வாத்தியார் கார் வயதில் பாஸ். கிலோமீட்டரில் 280 மார்க்கில் ஃபெயில்.

ஹாலந்தில் வரி 21 சதம். 21,000-க்கு 4,410 யூரோ. கூட்டிப் பார்த்தேன்: 25,410. இங்கேயே 24,000-க்கு வாங்கியிருந்தால் ரயில் டிக்கெட்டாவது மிச்சம். வாத்தியார் ஜெர்மனியில் கட்டிய 19 சதத்தில் ஒரு பகுதியை அவர் அங்கே திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டாம். ரிடையரான மனிதரை அந்த ஆபீஸ் படி ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அவர் ஏறினாலும் அது அவர் பணம், என்னுடையதில்லை.

“அட்வான்ஸ் போனா போகட்டும், விட்டுடுங்க” என்றாள் மனைவி. அந்த 21,000, இரண்டு பேரும் நாலு வருஷம் சேர்த்தது. அவள் சொன்னதில் தப்பில்லை.

டச்சு நண்பர்தான் வழி சொன்னார். “கணக்கு, நீ டெலிவரி எடுக்கும் நேரத்தில் மீட்டரில் என்ன இருக்கிறது என்பதுதான். இன்னும் உன் கைக்கு வரவில்லையே?”

சாயங்காலம் மூன்ஸ்டருக்கு போன் போட்டேன்.

“ஸார், ஒரு சின்ன உதவி.”

“விலை குறைக்க வேண்டுமா?”

“இல்லை ஸார். நீங்கள் இன்னும் 300 கிலோமீட்டர் காரை ஓட்ட வேண்டும்.”

அந்தப் பக்கம் நீண்ட மௌனம். “நீங்கள் வாங்கப்போகிற காரை... நான் தேய்த்துக் கொடுக்க வேண்டுமா?”

விளக்கினேன். வாத்தியார் அல்லவா, விதியை ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார். ‘அல்லது’வுக்கும் ‘மற்றும்’முக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே எனக்கு ஒரு தடவை நடத்தினார். பிறகு குரல் இறங்கியது.

“கார் ஏன் ஓடவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லையே?”

கேட்கவில்லைதான். சைக்கிள் ஊர், அதனால் ஓட்டவில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

“அந்த முதல் கோடையில் நானும் மனைவியும் தெற்கே போடன் ஏரி வரை போய் வந்தோம். அடுத்த பயணம் வடக்கே, கடலுக்கு என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்குள் உடம்புக்கு வந்துவிட்டது. அவள் போன பிறகு எனக்கு சைக்கிள் போதும். நான் அந்தக் காரில் உட்காரவில்லை.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “வேண்டாம் ஸார், விட்டுவிடுங்கள்” என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

“யோசிக்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறத்தில் வட கடல். ஓரத்தில் ஒரு படகுத் துறை. நோர்ட்டைஷ் என்று ஊர்ப் பெயர் எழுதியிருந்தார். மூன்ஸ்டரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி இன்னொரு போட்டோ, ஷெட்டுக்குள்ளிருந்து, மீட்டர் மட்டும்: 6,148. கீழே ஒரே வரி. ‘கார் பழசாகிவிட்டது.’

மனைவியிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அட்வான்ஸ் பேச்சே எடுக்கவில்லை.

மற்றதெல்லாம் காகித வேலை. உங்களில் யாராவது ஜெர்மனிக்கோ ஹாலந்துக்கோ வேலைக்கு வந்து இதே விபரீதத்தில் இறங்கினால் உதவும் என்று சொல்கிறேன். ஜெர்மனியில் ஆர்.ஸி. இரண்டு பாகம். முதல் பாகம் வண்டியோடு இருக்கும். இரண்டாம் பாகம் வீட்டு பீரோவில். கார் கடனில் இருந்தால் அது பாங்க்கில் இருக்கும். இரண்டாம் பாகத்தைக் காட்டாதவரிடம் காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். மூன்றாவது, கம்பெனி கொடுத்த தகுதிச் சான்றிதழ். இந்தக் கார் ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் அந்தக் காகிதம் யூனியனில் எந்த நாட்டிலும் செல்லும். பாஸ்போர்ட் மாதிரி.

மார்ச் முதல் வாரம் மறுபடி மூன்ஸ்டர் போனேன். கிரயப் பத்திரத்தில் தேதி, 17 எழுத்து சேஸிஸ் நம்பர், மீட்டர் 6,148 என்று கொட்டை எழுத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஜெர்மன் நம்பரை ரத்து செய்து ஏற்றுமதி நம்பர் வாங்கினோம். வலது ஓரத்தில் சிவப்புப் பட்டை, அதில் காலாவதித் தேதி. மஞ்சள் பட்டை போட்ட ஐந்து நாள் நம்பர் ஒன்றும் உண்டு. மலிவாக இருக்கிறதே என்று அதில் ஆசை வைக்காதீர்கள், அதை எல்லா நாட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை.

சாவியைக் கொடுக்கும் முன் வாத்தியார் கர்ச்சீப்பால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. “அவள் சொன்னது சரி. தெற்கைவிட வடக்குதான் அழகு” என்றார். பூகோள வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு 200 கிலோமீட்டர் சொச்சம். மீட்டரில் 340 ஓடும் என்று காட்டியது. அது மெதுவாகப் போனால். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடும். ஜெர்மன் ஆட்டோபானில் காலை அழுத்தினால் 340 என்பது 240-க்கு வந்து நிற்கும். நல்லவேளை, ஹாலந்தில் பகல் நேரத்தில் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் 100-க்கு மேல் போகக் கூடாது என்று 2020 முதல் சட்டம். எல்லையில் யாரும் நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து தெருமுனை சார்ஜிங் கம்பத்தில் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, கம்பத்தில் துளை மட்டும்தான் இருக்கிறது. கேபிள் நாம் கொண்டு வர வேண்டும். வாத்தியார் ஷெட்டில் சாதாரண பிளக்கில் மாட்டுகிற கேபிள்தான் வைத்திருந்தார். கேபிளையும் கேட்டு வாங்குங்கள். நான் சொல்லவில்லையே என்று பிறகு கடிதம் போடாதீர்கள்.

இந்த ஊர் ஆர்.டி.ஓ.வுக்கு ஆர்.டி.டபிள்யூ. என்று பெயர். முன்பே நேரம் குறித்துப் போனேன். சேஸிஸ் நம்பரைப் பார்த்தார்கள், ஜெர்மன் காகிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிவு வரி தனி. 2024 முடிய எலெக்ட்ரிக் காருக்கு அது கிடையாது. 2025-ல் புதுசுக்கு 667 யூரோ என்று வைத்தார்கள். பழசுக்கு அதைவிடக் குறைவு. ரோடு டாக்ஸும் 2024 வரை பூஜ்யம், 2025-ல் கால் பங்கு. எல்லாச் செலவும் போக 2,200 யூரோ மிச்சம். சில நாளில் தபாலில் கார்டு வந்தது. மஞ்சள் நம்பர் பிளேட்டும் அடித்தாயிற்று. இங்கே இப்போது கொடுக்கும் நம்பர்களில் உயிரெழுத்தே வராது. தற்செயலாக ஏதாவது வார்த்தை அமைந்து தொலைக்கப் போகிறது என்று எடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை, மெய் மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. இந்தக் கார்களுக்கு செல்போனில் ஒரு ஆப் உண்டு. எங்கிருந்தும் கதவைத் திறக்கலாம், ஹீட்டர் போடலாம். வாங்கியவுடன் பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து காரை நீக்க வேண்டும். ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் காரின் கடிவாளம் அவர் கையில்.

நான் மறந்துவிட்டேன். மார்ச் பாதியில் ஒரு காலை. ராத்திரி பூரா உறைபனி. தெருவில் எல்லாரும் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். என் கார் மட்டும் பனி கரைந்து, உள்ளே கதகதப்பாக நின்றது. பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டேன். அதற்குள் போனில் மெஸேஜ்.

‘உங்கள் ஊரில் இன்று மைனஸ் 3 என்று ஆப் காட்டியது. ஹீட்டர் போட்டிருக்கிறேன். ஜாக்கிரதையாக ஓட்டுங்கள்.’

“கணக்கை நீக்கச் சொல்லணும்” என்றேன்.

“சொல்லலாம். குளிர்காலம் முடியட்டும்” என்றாள் மனைவி.